துப்பு மேசை

கம்பெனியில் அவளுக்கு இரண்டு பெயர்கள். நேரில் எல்லோரும் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் கொடாக்கண்டி. இரண்டாவது பெயர் தனக்கு இருப்பது அவளுக்கும் தெரியும். அதில் உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. வீடியோ கேம் வெளியிடுகிற கம்பெனியில், ஆட்டத்தில் மாட்டிக்கொண்டு போன் செய்கிறவர்களுக்குத் துப்பு கொடுக்கிற மேசையில் இருபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை காலத்தில் ஒருத்தருக்குக்கூட ஒரு விடையைச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

இன்றைக்கு இதைச் சொன்னால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். அன்றைக்கு அதுதான் அந்தக் கம்பெனியின் உயிர். 'பூட்டுவீடு' என்று ஒரு ஆட்ட வரிசை. துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. ஒரு பழைய வீடு, அறைக்கு அறை பூட்டிய கதவு, கண்ணையும் மூளையையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போக வேண்டியது. கம்பெனியைத் தொடங்கிய அம்மாள் அதற்கு முன் குறுக்கெழுத்துப் பத்திரிகை நடத்தியவர். எல்லோருக்கும் அவர் முதலாளியம்மா. "விடையைச் சொல்றது, வித்த பொருளைத் திரும்பப் பிடுங்கிக்கிற மாதிரி" என்பார். அதனால் துப்பு மேசையில் இருப்பவர்கள் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். அந்த நாற்காலி ஏன் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கு? ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியுது? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்கும். அப்புறம் திடீரென்று ஒரு "அட!" அந்த ஒரு 'அட'வுக்காக மேசைக்காரர்கள் சம்பள உயர்வு கேட்பதையே மறந்து கிடந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆட்டம் கடைக்குப் போவதற்கு முன் துப்பு மேசைக்கு வரும். செய்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மேசைக்காரர்கள் எல்லாக் கதவுகளையும் தாங்களே திறந்து பார்க்க வேண்டும். ஒரு கதவு திறக்கவில்லை என்றாலும் ஆட்டம் கடைக்குப் போகாது. ஒரு தடவை ஒரே ஒரு சமையலறைக் கதவுக்காக விடுமுறைக்கால விற்பனை முழுவதும் போயிற்று. பணம் போட்டவர்கள் வந்து தாம்தூம் என்று குதித்தார்கள். முதலாளியம்மா அசையவில்லை. "மேசை திறக்கல. நான் என்ன பண்ணட்டும்?" என்று கையை விரித்துவிட்டார். ஆகவே, மாட்டிக்கொண்டவரிடம் மேசை "வழி இருக்கு" என்று சொன்னால், அது வாய் வார்த்தை இல்லை. அந்த வழியாக நடந்து போய்விட்டு வந்தவர்கள் சொல்கிற வார்த்தை.

அதெல்லாம் பழைய கதை. முதலாளியம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்க் கம்பெனியை விற்றார். வாங்கியவன் இன்னொருவனுக்கு விற்றான். அவன் யாருக்கு விற்றான் என்பது விற்றவனுக்கே தெரியுமோ என்னவோ. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவதைக் கிட்டே இருந்து பார்ப்பது போல ஒரு தண்டனை கிடையாது. மூன்று பக்கமும் ஜன்னல் வைத்த துப்பு அறையை எடுத்துக்கொண்டு, அதில் யாரும் உட்காராத சோபாக்களைப் போட்டு, வருகிற விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள். மேசையைக் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறைக்குத் தள்ளினார்கள். 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு' என்று வாசலில் பலகை வைத்தார்கள். மகிழ்ச்சிப் பிரிவில் ஒரு ஜன்னல்கூட இல்லை.

பழைய மேசைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது அவள் ஒருத்தி. சுற்றிலும் சின்னப் பிள்ளைகள், காதில் ஹெட்செட், முன்னால் ஓர் அச்சடித்த அட்டை. யார் எதில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டாலும் அட்டையைப் படிக்க வேண்டும்: 'அந்தக் கதவுக்கான சிறப்புச் சாவி நம் ஆட்டத்துக் கடையிலேயே கிடைக்கிறது, இப்போதே வாங்கித் தரட்டுமா?' அவளுக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். அவள் அதை டீ டம்ளருக்கு அடியில் வைத்தாள். சாவி யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு. யோசிக்கிறவர்களுக்கு எப்போதும்போல வழி இருக்கும் என்பது அவள் எண்ணம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் அக்கா" என்று சொல்லிச் சிரிப்பார் மேனேஜர். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அவருக்குச் சிரிப்பு மேனேஜர் என்று பெயர். "உங்க வழியில நீங்க கறங்க. எங்களுக்குப் பால் வந்தா சரி."

"நான் மாடு கறக்க வரல சார்" என்றாள் அவள். அதற்கும் சிரித்தார்.

இவ்வளவு கீழே இறங்கியும் அவள் ஏன் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தாள் என்றால், தம்பிக்காக. அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அவள்தான். அவள் மேசையில் திறந்து பார்த்த ஆட்டங்களை வீட்டில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அவனும் ஆடுவான். "ஒரே ஒரு துப்பு அக்கா, உன் கால்ல விழறேன்" என்று கெஞ்சுவான். விழுந்தே கிடப்பான். அவள் சொல்ல மாட்டாள். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுப்பான். விடிந்ததும் கதவைத் திறந்துவிட்டு அவளை உலுக்கி எழுப்புவான். அவனை முதலாளியம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய், "இவன் கதவு வைப்பான்மா" என்று சொல்லி வேலைக்குச் சேர்த்ததும் அவள்தான். இப்போது பல வருஷம் கழித்துப் பூட்டுவீடு மறுபடியும் வந்திருக்கிறது. அதில் எல்லாக் கதவும் தம்பி வைத்தது. அறிவிப்பைப் பார்த்த அன்றைக்கு அவள் கீழ்த்தளத்துக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். கம்பெனி பிழைத்துக்கொண்டது என்று நினைத்தாள், பாவம்.

புது ஆட்டம் மேசைக்கு முன்கூட்டி வரவில்லை. அந்த வழக்கத்தை எடுத்தாயிற்று என்றார்கள். சரி, தம்பி வைத்த கதவை யார் திறந்து பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஆட்டத்தில் மணிக்கூட்டு அறை என்று ஒன்று. வீட்டின் உச்சியில் இருக்கிற பெரிய கடிகார அறை. அதைத் தாண்டினால்தான் மீதி வீடு. ஊரில் பாதிப் பேர் அந்த அறையில் மாட்டிக்கொண்டார்கள். மகிழ்ச்சிப் பிரிவின் போன் ஓயவில்லை. மற்றவர்கள் அட்டையைப் படித்தார்கள். அவள் மட்டும், "சாவியெல்லாம் வாங்காதீங்க, வழி இருக்கு. நல்லாப் பாருங்க" என்று ஒவ்வொருவருக்கும் தைரியம் சொல்லிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். வேடிக்கை என்னவென்றால், அவளாலும் அதைத் திறக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து முட்டிக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்திலேயே நாற்காலியில் இருப்பான். அவனிடம் கேட்பாளா? அவள் கேட்பதாவது!

"வாயைத் திறந்தே, பல்லைப் பேத்துடுவேன். நானே கண்டுபிடிக்கிறேன்" என்பாள்.

அவன் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குக் காலையில், பக்கத்து மேசைப் பெண் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டு, "அக்கா, உங்க விடாக்கண்டர்" என்றாள்.

விடாக்கண்டர் என்பது அவர்கள் வைத்த பெயர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முதல் பூட்டுவீடு வந்த நாளிலிருந்து கூப்பிடுகிறார். அவர் விடமாட்டார், இவள் கொடுக்கமாட்டாள். விடாக்கண்டன் கொடாக்கண்டன் என்று இரண்டு பேரையும் சேர்த்தே கேலி செய்வார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அவர் மகள் கல்யாணம், ஓய்வு பெற்ற நாள், மனைவிக்கு வந்த மறதி நோய், அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தது எல்லாம் கதவுக்கும் பூட்டுக்கும் நடுவில் அவளுக்குத் தெரியும்.

"என்ன ஐயா, திறந்துட்டீங்களா?"

"இல்லம்மா." வழக்கமான சுருதி இல்லை. "ஒண்ணு பண்ணிப் பார்த்தேன். அந்த ஜன்னல் நிழல் இருக்கு பாருங்க, அது மெதுவா நகருதுன்னு கண்டுபிடிச்சேன். ஆஹா, இதுதான்னு, ஆட்டத்துல இருக்கற ஆளை ஒரு இடத்துல நிக்க வச்சுட்டு, எதையும் தொடாம, கையைக் கட்டிக்கிட்டுக் காத்திருந்தேன். நிழல் பூட்டு மேல விழும், திறக்கும்னு. நிழல் பூட்டுக்கிட்ட வருது, நின்னுடுது. மூணு தடவை பண்ணிட்டேன்."

"நல்ல யோசனைதான். வேற என்ன பார்த்தீங்க அந்த அறையில?"

"வேற ஒண்ணும் தெரியலம்மா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு." அவர் தொண்டையைச் செருமினார். "நான் வீட்டைக் காலி பண்றேன். மகளோட போய் இருக்கப் போறேன். என் வீட்டுக்காரிக்கும் இப்படித்தான் தொடங்குச்சு. கண்ணு முன்னாடி இருக்கற பொருள் தெரியாது. இப்ப எனக்கு. தனியா இருந்து அடுப்பை அணைக்க மறந்துட்டேன்னு வைங்க, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேர்த்து ஆபத்து."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். ஒண்ணும் இல்லைங்கறார். என்ன கேட்டார் தெரியுமா? இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டார். அதைக் கேட்டா யாருக்கு என்ன தெரியப் போகுது? உங்க கதவு பொய் சொல்லாதும்மா. எல்லாக் கதவையும் திறந்தவன் நான். இது ஒண்ணு முடியலன்னா கோளாறு கதவுல இல்ல."

அதற்கு அவள் என்ன சொன்னாள்? இருபது வருஷமாகச் சொன்னதையே சொன்னாள். "மனசை விடாதீங்க ஐயா. வழி இருக்கு. நீங்க இன்னும் எதையோ பார்க்காம விட்டிருக்கீங்க."

"அதான்மா" என்றார் அவர். "பார்க்காம விடறேன்." போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் தம்பி எதிரில் வந்து உட்கார்ந்தான். மேல்தளத்து ஆள் கீழ்த்தளத்து ஆளோடு சாப்பிடுவது இப்போது வழக்கமில்லை. அவன் மட்டும் வருவான். அந்த ஒரு நல்ல குணத்தை வைத்து அவனைப் பற்றி மீதியையும் நல்லதாகவே அவள் நினைத்து வைத்திருந்தாள். டப்பாவைத் திறந்துகொண்டே விடாக்கண்டரைப் பற்றிச் சொன்னாள். வீட்டைக் காலி செய்யப் போகிறார் என்றாள். அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டான்.

"பாவம், என்னென்னவோ பண்ணிப் பார்த்திருக்கார். ஜன்னல் நிழல் நகருதுன்னு கண்டுபிடிச்சு, ஆளை அசையாம நிக்க வச்சுட்டு..."

தம்பி சடாரென்று நிமிர்ந்தான். "நிக்க வச்சாரா? எதையும் தொடாமலா?"

"ஆமா. நிழல் பூட்டு மேல விழும்னு."

"கண்டுபிடிச்சுட்டார்!" முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சின்ன வயசில் விடிகாலையில் அவளை உலுக்கி எழுப்பும்போது இருக்கிற முகம். "அக்கா, அதேதான்! அதான் வழி! ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க, பாரு, ஒரு மனுஷன்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். அவன் கையில் எடுத்த வாய்ச்சோறு அந்தரத்தில் நின்றது.

"அதான் வழின்னா, கதவு ஏன் திறக்கல?" என்றாள் அவள்.

அவன் தண்ணீர் குடித்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். ஏன் திறக்கல?"

"முதல்ல அப்படித்தான்கா வச்சேன்" என்றான். "அவசரப்படாம நின்னா மட்டும் திறக்கற கதவு. நான் வச்சதிலயே அதுதான் நல்ல கதவு. மேல காட்டினேன். நல்லா இருக்குன்னாங்க. அப்புறம், காத்திருக்கறவன் காசு கொடுக்க மாட்டான்னு சொன்னாங்க. எடுத்துடச் சொன்னாங்க."

"எடுத்துட்டு வேற வழி வச்சியா?"

அவன் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"வேற வழி வச்சியாடா?"

"சாவிதான்கா வழி."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தது கேட்டது. வழியில்லாத கதவு. வழி இருக்கு, வழி இருக்கு என்று எத்தனை பேரிடம் சொன்னாள்! அட்டையைப் படித்த பிள்ளைகளாவது காசைத்தான் பிடுங்கினார்கள். இவள் கூப்பிட்டவர்களுக்குத் தங்கள் மேல் இருந்த நம்பிக்கையையே பிடுங்கியிருக்கிறாள், அதுவும் அன்பாகப் பேசி. கம்பெனி விலை கொடுத்தாலும் கிடைக்காத ஒரு பொய்சாட்சியை அதற்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறாள். அதற்கு மேல் ஒன்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகள்.

"நான் அந்தக் கதவோட மல்லுக்கட்டறப்ப நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே?"

"நீதான் வாயைத் திறக்காதேன்னே."

"ஓஹோ!" அவள் குரலுக்குக் கூடமே திரும்பியது. "அக்கா சொல் தட்டாத பிள்ளையா நீ? துப்பு சொல்லாதேன்னேன்டா. வழியே இல்லைங்கறதைச் சொல்லாதேன்னா சொன்னேன்? நான் முட்டிக்கறதைப் பார்த்துக்கிட்டு எப்படிடா உனக்குச் சோறு இறங்குச்சு?"

"அக்கா, கத்தாதே. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். கதவு வைக்கறவன்னு நான்தான் உன்னைக் கூட்டிக்கிட்டு வந்தேன். வேலியே பயிரை மேயும்னு யாருக்குத் தெரியும்?"

"எய்தவன் இருக்க அம்பை ஏன்கா நோகறே?" அவனுக்கும் கோபம் வந்தது. "நான் மாட்டேன்னா இன்னொருத்தன் பண்ணியிருப்பான். வேலை போயிருக்கும். கம்பெனி இப்ப அப்படித்தான். உன்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். உனக்கு முன்னாலயும் அட்டை வச்சாங்க இல்ல? நீ அதைப் படிச்சிருந்தா இந்த வம்பே இல்ல. நீதான் இன்னும் முதலாளியம்மா காலத்துலயே உட்கார்ந்திருக்கே."

"அம்புக்கு வாய் இல்ல. உனக்கு இருந்துச்சு" என்றாள் அவள். டப்பாவை மூடினாள். எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா."

"எங்க?"

"நட."

முப்பத்தைந்தைத் தாண்டிய மனுஷன், தனக்குக் கீழே பத்துப் பேர் வேலை பார்க்கிற அதிகாரி, அக்கா பிடித்த பிடியில் படியிறங்கினான். உதறியிருக்கலாம். உதறவில்லை. அதை மட்டும் அவன் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்ளலாம்.

மகிழ்ச்சிப் பிரிவில் அவனைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவள் விடாக்கண்டருக்கு போன் போட்டாள். மேசையிலிருந்து வெளியே கூப்பிடக் கூடாது என்பது புதுச் சட்டம். போகட்டும் என்று ஸ்பீக்கரையும் தட்டினாள். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது பின்னால் டேப் கிழிக்கிற சத்தமும், "அப்பா, இது வேணுமா, போட்டுடலாமா?" என்று ஒரு பெண் குரலும் கேட்டன. மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

"ஐயா, நான்தான். ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் கதவுக்கு வழி இல்லை."

எதிர்முனையில் டேப் கிழிக்கிற சத்தம்தான் கேட்டது.

"கேக்குதா ஐயா? வழியே வைக்கல. காசு கொடுத்துச் சாவி வாங்கினாத்தான் திறக்கும். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. உங்க மூளைக்கு ஒண்ணும் இல்ல."

அவர் மெதுவாகச் சிரித்தார். "நீங்க ரொம்ப நல்லவங்கம்மா."

"ஐயா, நான் சொல்றது..."

"புரியுதும்மா. இத்தனை வருஷத்துல ஒரு விடை சொன்னவங்க இல்ல நீங்க. இன்னிக்கு எனக்காக மனசு கேக்காம ஒண்ணு சொல்றீங்க. திறக்காத கதவு உங்க கம்பெனியிலேருந்து கடைக்குப் போகாது. நீங்கதானே எனக்குச் சொன்னீங்க, அந்தச் சமையலறைக் கதவுக் கதையை?"

"அது அந்தக் காலம் ஐயா!"

"என் வீட்டுக்காரிக்குச் சாவி வச்ச இடம் மறந்து போகும். நான்தான் எடுத்து எங்கயோ வச்சுட்டேன், உன் மேல தப்பு இல்லைன்னு சொல்லுவேன். தினமும் சொல்லுவேன். இதே குரல்லதான்மா சொல்லுவேன்." அவர் பெருமூச்சு விட்டார். "உங்களுக்குப் புண்ணியம். வச்சுடட்டுமா?"

அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இருபது வருஷம் ஒரு வார்த்தை பொய் சொல்லாமல் சேர்த்து வைத்த நல்ல பெயர். அதைக் காட்டியே இவர்கள் பொய்யை விற்றார்கள். இன்றைக்கு அவள் உண்மையைச் சொன்னால் அதே பெயர் குறுக்கே நிற்கிறது. யாரைப் போய் அடிப்பது? விற்றவனையா, வாங்கியவனையா? அவர்கள் முகம்கூட அவளுக்குத் தெரியாது. தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"வைக்காதீங்க ஐயா. அந்தக் கதவைச் செஞ்சவன் இங்க இருக்கான். அவனே சொல்லுவான்." தம்பியின் சட்டையைப் பிடித்துப் போனுக்கு அருகில் இழுத்தாள். "சொல்லு."

வாசலில் சிரிப்பு மேனேஜர் வந்து நின்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அக்கா, எல்லா அழைப்பும் ரெக்கார்ட் ஆகுது, ஞாபகம் இருக்கா?"

"ஆகட்டும் சார். போட்டுக் கேளுங்க. மேல இருக்கறவங்களையும் கேக்கச் சொல்லுங்க."

தம்பி மேனேஜரைப் பார்த்தான். சுற்றிலும் ஹெட்செட்டைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டு பார்க்கிற பிள்ளைகளைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கவில்லை.

"சார்" என்றான். போனுக்குக் குனிந்தான். மறுபடியும், "சார், நான்தான் அந்த அறையைச் செஞ்சேன்."

"சொல்லுங்க தம்பி." அவர் குரலில் நம்பிக்கை இல்லை, மரியாதை மட்டும் இருந்தது.

"நீங்க நிழலுக்காக நின்னீங்களே, அதுதான் சார் வழி. அப்படித்தான் நான் வச்சிருந்தேன். அப்புறம் எடுத்துட்டோம்."

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்" என்றான் அவன். "நான்தான் எடுத்தேன். நிழலை மட்டும் விட்டுட்டேன். அதை அழிக்க மனசு வரல."

போனில் டேப் கிழிக்கிற சத்தம் நின்றது. விடாக்கண்டர் விடாக்கண்டர்தானே, அவ்வளவு சுலபத்தில் ஏற்றுக்கொள்வாரா? "அப்படின்னா சொல்லுங்க தம்பி. நிழல் எந்தப் பக்கத்துலேருந்து வரும்?"

"இடது பக்க ஜன்னல். முதல்ல அலமாரி மேல ஏறும்."

"அப்புறம்?"

"கடிகாரத்தோட பெண்டுலத்தைத் தாண்டும். தாண்டறப்ப ரெண்டா உடையும்."

"உடையும்!" அவர் குரல் உயர்ந்தது. "உடைஞ்சு மறுபடி ஒண்ணு சேரும். பூட்டுக்கு ஒரு விரல் முன்னாடி..."

"நின்னுடும். அங்கதான் சார் நிறுத்தினேன். பூட்டு மேல விழுந்திருந்தா திறந்திருக்கும். நீங்க சரியாத்தான் பண்ணினீங்க. நான் நினைச்ச மாதிரியே நீங்களும் நினைச்சிருக்கீங்க."

பிறகு அவர் போனை விலக்கிவிட்டுக் கத்துவது கேட்டது. "ஏய்! கட்டாதே! பெட்டியைப் பிரி! நான் சரியாத்தான் பண்ணியிருக்கேன்! எனக்கு ஒண்ணும் இல்லடி, கதவுதான்டி கோளாறு!" மகள் என்னவோ கேட்டாள். "கதவுன்னா கதவு! உனக்குப் புரியாது, நீ பெட்டியைப் பிரி!" சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. மூச்சு வாங்க மறுபடி போனுக்கு வந்தார். "தம்பி, ரொம்ப நன்றிப்பா. பெரிய உபகாரம் பண்ணினே. உன்னை எப்படி வாழ்த்தறதுன்னே தெரியல. நல்லா இருப்பா."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன் ஐயா."

"நல்ல கம்பெனியா இருந்துச்சும்மா" என்றார் அவர். வீட்டில் யாராவது இறந்தால் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். "உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

போன் நின்றது. அக்கா திட்டித் தீர்த்தபோதெல்லாம் கல்லுக்குண்டாக நின்ற தம்பி, அவர் நன்றி சொன்னதைத் தாங்க முடியாமல் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கினான். அவ்வளவு பேர் பார்க்க அழுதான். மேனேஜர் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு மேலே யாருக்கோ தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவள் கை தானாக அவன் முதுகுப் பக்கம் போயிற்று. போன கையை அவள் இழுத்து போன் மேல் வைத்தாள்.

"மூக்கைச் சிந்து" என்றாள். "அடுத்தது ஒரு டீச்சரம்மா. தனக்கு அறிவு பத்தலைன்னு பிள்ளைங்க முன்னாடி அவமானப்பட்டு நின்னவங்க. நம்பர் போடறேன். பேசு."